நடுக்கடலில் யாரும் இறங்குறதில்லை

திண்டிவனம்,
16.04.2026, வியாழன்

அன்பு மகன் பூவரசனுக்கு உன் அப்பா சீனுவாசன் எழுதுவது. வீட்டில் உன் அம்மா, மருமக சங்கவி, நான் மூணு பேரும் சுகம். நீ சுகமான்னு கேக்கறது வழக்கம். இந்தத் தடவை நீ எங்க இருக்கேங்கறதுலேர்ந்தே ஆரம்பிக்க வேண்டியதா இருக்கு.

போன்ல கேக்கலாம்தான். ஆனா நீ என்கிட்ட பேசறது ரெண்டு நிமிஷம். கப்பல்ல செம கூட்டம்ப்பா, நிக்க நேரமில்லைன்னு சொல்லுவே, சங்கவிகிட்ட குடுங்கன்னுடுவே. அவ போனை எடுத்துக்கினு தோட்டத்துப் பக்கம் போயிடுவா. அதனாலதான் பேப்பர் எடுத்தேன். உன்கூட வேலை செய்யற கோட்டக்குப்பம் ஜகபர் சாதிக் லீவு முடிஞ்சு அடுத்த வியாழக்கிழமை கிளம்பறானாம், பார்சிலோனாவுல உன் கப்பல்ல ஏறுவானாம். அவன் கையில குடுத்து அனுப்பறேன். நீ அந்தக் கப்பல்ல இருந்தா இது உனக்குக் கிடைக்கும். இல்லன்னா ஜகபர் திரும்ப எடுத்தாரட்டும், அப்ப எனக்கு விஷயம் புரிஞ்சிடும்.

இருபத்தொன்பது வருஷம் திண்டிவனம் விழுப்புரம் ரூட்டுல தனியார் பஸ்ல கண்டக்டரா இருந்தவன் நான். கூட்டம்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். முகூர்த்த நாள்ல ஐம்பத்திரண்டு சீட்டு வண்டியில நூத்திப் பத்து பேரை ஏத்தியிருக்கேன். ஒரு ஆள் மூஞ்சியைப் பார்த்தாலே டிக்கெட் எடுத்தானா இல்லையான்னு சொல்லிடுவேன். டிக்கெட் எடுக்காதவன் என்ன பண்ணுவான் தெரியுமா? ஜன்னல் வழியா வெளியே பார்ப்பான். உன் போட்டோவுல நீ அப்படித்தான் பார்க்கறே.

போட்டோன்னதும் ஞாபகம் வருது. கார்த்திகை மாசத்துலேர்ந்து நீ அனுப்பினது மொத்தம் பதினொண்ணு. எல்லாத்தையும் உக்காந்து ஒவ்வொண்ணா பெரிசு பண்ணிப் பார்த்தேன். எல்லாம் கப்பலோட மொட்டை மாடி. ஒரு நூறு நாற்காலி வரிசையா கிடக்குது, ஒண்ணுலயாவது மனுஷன் உக்காந்திருக்கணுமே. ஒருத்தன் இல்லை. மூவாயிரம் பேரு, அதுக்கு மேல வேலைக்காரங்களே ஆயிரத்துச் சொச்சம்னு நீதானே சொன்னே? நாலாயிரம் பேரும் எங்க போனாங்க, கடல்ல குதிச்சிட்டாங்களா? அதுவும் போன ஞாயித்துக்கிழமை அனுப்பின போட்டோ, அமெரிக்காவுலேர்ந்து அட்லாண்டிக்கைத் தாண்டறோம், கப்பல் ஃபுல்லுன்னு எழுதியிருக்கே. கப்பல் காலியா இருக்கு. காலி வண்டியை ஃபுல்லுன்னு சொல்ற கண்டக்டரை நான் நம்ப மாட்டேன்.

இன்னொண்ணு. டைனிங் ஹால்ல வேலை செய்யறவனுக்குக் கறுப்பு கோட்டு, கழுத்துல பூச்சி மாதிரி ஒரு டை. உன் கல்யாணத்துக்கு முன்னால அந்த போட்டோவைத்தான் வளவனூர்ல பொண்ணு வீட்டுல காட்டினேன். இப்போ பதினொரு போட்டோவுலயும் சாம்பக் கலர் பனியன். கோட்டு என்ன ஆச்சு? வீடியோ கால் போட்டா எடுக்க மாட்டேங்கறே. குரல் மட்டும் வருது, அதுக்குப் பின்னால ஏதோ மிஷின் கடகடன்னு ஓடுது. நாலாயிரம் பேர் சாப்பிடற எடத்துல தட்டு சத்தம், ஸ்பூன் சத்தம் கேக்கணுமா இல்லையா?

மே மாசம் காண்ட்ராக்ட் முடியுது, வந்துடுவேன்னு சொன்னவன், இப்போ ஆகஸ்ட் வரைக்கும் நீட்டிட்டாங்க, கூட்டம் அதிகம், விட மாட்டேங்கறாங்கன்னு சொல்றே. சங்கவிக்கு ஜூன் ரெண்டாம் தேதின்னு டாக்டரம்மா குறிச்சுக் குடுத்திருக்காங்க. கல்யாணமாகி மூணு மாசத்துல கிளம்பிப் போனவன் தலைப்பிள்ளை பொறக்கறதுக்குக் கூட வர முடியாத அளவுக்கு அப்படி என்ன கூட்டம்?

வெளிப்படையா கேட்டுடறேன். நீ கப்பல்லதான் இருக்கியா? இல்ல ஏதாவது ஊர்ல இறங்கி வேற வழி பார்த்துக்கினியா? என்கூட ஓட்டின டிரைவர் கிருஷ்ணசாமிக்கு விழுப்புரத்துல ஒரு குடும்பம், திண்டிவனத்துல ஒரு குடும்பம். பதினாலு வருஷம் ரெண்டு வீட்டுலயும் அவன் சொன்ன ஒரே பதில், வண்டியில கூட்டம், லேட்டாயிடுச்சுங்கறதுதான். அதான் கூட்டம்ங்கற வார்த்தையைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வருது.

18.04.2026, சனி

இந்தக் கடுதாசியை முடிக்கலை. ஜகபரை நேர்ல பார்த்து நாலு வார்த்தை கேக்கலாம்னு காலையில பாண்டி பஸ் பிடிச்சு, அங்கேர்ந்து ஷேர் ஆட்டோவுல கோட்டக்குப்பம் போனேன். வீட்டுல ஜல்தி ஜல்தியா பெட்டி கட்டிக்கினு இருந்தாங்க. அவன் அம்மா மஹபூப் பீவி என்னை விடலை, சாப்பிட்டுத்தான் போகணும்னுட்டாங்க. சாப்பிட்டுக்கினே விசாரிச்சேன்.

கப்பல் காலியாத்தானே போகுதுன்னு கேட்டேன். அவன் சிரிச்சிட்டான். அப்பா, அட்லாண்டிக் தாண்டற டிரிப் மாதிரி ஒரு பேஜாரு கிடையாதுன்னான். மத்த நாள்ல கப்பல் தினம் ஒரு ஊர்ல நிக்கும், காலையில முக்கால்வாசிப் பேர் ஊர் சுத்த இறங்கிடுவாங்க, சாயங்காலம் வரைக்கும் வேலைக்காரங்க மூச்சு விடலாம். தாண்டற டிரிப்புல ஏழு நாள், எட்டு நாள் ஊரே வராது. ஏறினது ஏறினதுதான். வெளிய காத்து ஆளைத் தள்ளும், குளிர் வேற, அதனால மாடியில ஒரு ஈ, காக்கா இருக்காது. மூவாயிரம் பேரும் உள்ளயே. படிக்கட்டுல உக்காந்து புஸ்தகம் படிப்பாங்களாம். காலையில ஒம்போது மணிக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்துல பசிக்குமாம், தட்டை எடுத்துக்கினு வாசல்லயே நின்னுடுவாங்களாம். இந்தப் பக்கம் வர்றப்போ ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெப்பாங்களாம், வேலைக்காரங்களுக்கு அன்னைக்குத் தூக்கத்துல ஒரு மணி நேரம் போச்சு.

நான் பார்த்த கூட்டம் எல்லாம் கூட்டமே இல்லை. கூட்டேரிப்பட்டுல இருபது பேர் இறங்குவாங்க, விக்கிரவாண்டியில பத்து பேர் இறங்குவாங்க, காத்து வரும். யாருமே இறங்காத வண்டியில எட்டு நாள் எப்படிடா நின்னே?

காலி மாடி விஷயத்துல நான் தப்பா நெனைச்சிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா சந்தேகம் போகலை. பூவரசன் டைனிங் ஹால்லதானே இருக்கான்னு கேட்டேன். ஜகபர் தட்டைப் பார்த்துக்கினே, நல்லாத்தான் இருக்காருப்பான்னான். எங்க இருக்கான்னு கேட்டா எப்படி இருக்கான்னு பதில் சொல்றான். ரெண்டாம் தடவை கேட்டேன். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் குழம்புன்னு எழுந்து போயிட்டான். இவனும் ஜன்னலைப் பார்க்கற ஆளுதான்.

21.04.2026, செவ்வாய்

இன்னைக்கு சங்கவிக்கு ஸ்கேன். உன் அம்மாவுக்கு முட்டி வலி, அதனால விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைச்சிக்கினு போனேன். குழந்தை தலை திரும்பி சரியா இருக்குதாம், பயப்பட ஒண்ணுமில்லை.

திரும்பி வர்றப்போ நல்ல கூட்டம். யாரோ ஒரு பொம்பளை எழுந்து அவளுக்கு எடம் குடுத்தாங்க, நான் பக்கத்துல கம்பியைப் பிடிச்சிக்கினு நின்னேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினதும் கண்டக்டர் பின்னாலேர்ந்து என் முதுகுல கையை வெச்சு, உள்ள போங்க பெரியவரே, நடுவுல எவ்ளோ எடம் கிடக்குதுன்னு ஒரு தள்ளு தள்ளினான். எனக்கு வந்துச்சே கோவம். என் முதுகுலயே கை வெக்கறியா, உனக்கு முன்னால இந்த ரூட்டுல நின்னவன்டா நான்னு திரும்பினேன்.

சங்கவி சிரிக்கிறா. வயித்தைப் பிடிச்சிக்கினு சிரிக்கிறா. அப்புறம் பார்த்தா கண்ணுல தண்ணி. என்னம்மான்னு பதறிட்டேன். இதுக்குத்தான் மாமா அவரைக் கீழ அனுப்பிட்டாங்கன்னா.

அங்க நின்னுக்கினே எல்லாத்தையும் கேட்டேன். போன கார்த்திகையில, நீங்க அமெரிக்கா பக்கம் தாண்டினப்போ நடந்ததைச் சொன்னா. மூணாம் நாள் கப்பல் ஆடுது, மொத்தக் கூட்டமும் சாப்பாட்டு ஹால் வாசல்ல தட்டோட நிக்குது, ஒரு கிழவி கையில கொதிக்கிற சூப்பு, பின்னாலேர்ந்து நெருக்கறாங்க. நீ ஓடிப் போய் முன்னால நின்ன வெள்ளைக்காரப் பெரியவர் முதுகுல கையை வெச்சு, உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்ளோ எடம் கிடக்குதுன்னு தமிழ்லயே கத்தியிருக்கே. என்ன புரிஞ்சுதோ, வாசல்ல நின்ன நாப்பது பேரும் சேர்ந்து உள்ள போயிட்டாங்களாம். கிழவி மேல ஒரு சொட்டு படலை. சாயங்காலம் அந்தப் பெரியவர் எழுதிக் குடுத்துட்டாரு, வேலைக்காரன் என்னைத் தள்ளினான்னு. மறுநாள்லேர்ந்து கோட்டு கிடையாது, தண்ணி மட்டத்துக்குக் கீழ லாண்டிரியில வேலை. விடியறதுக்குள்ள மாடிக்குப் போய் ஈரத் துண்டையெல்லாம் வாரிக்கினு வரணும், அப்போ எடுக்கறதுதான் அந்தப் போட்டோ.

பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் உன்னை வண்டியில கூட்டிப் போனேனே, அதுல வந்த வினை. அது உன் குரல் இல்லடா. என் குரல். எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு, நாப்பது வெள்ளைக்காரங்களை நம்ம பாஷையில உள்ள தள்ளியிருக்கானே என் புள்ளைன்னு. நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ரெண்டு ஸ்டாப் தாண்டறதுக்குள்ள அந்தச் சந்தோஷம் போயிடுச்சு.

ஏன்னா நான் அடுத்த கேள்வி கேட்டேன். இது வேற யாருக்குத் தெரியும்னு. அவளுக்கு அன்னைக்கே தெரியுமாம். உன் அம்மாவுக்குத் தெரியுமாம். ஜகபருக்குத் தெரியும். வளவனூர்ல அவ அப்பா அம்மாவுக்குக் கூடத் தெரியுமாம், துணி தோய்க்கறதுல என்ன குறைச்சல், வேலை வேலைதானேன்னாங்களாம். தெரியாதது எனக்கு ஒருத்தனுக்குத்தான். அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு நீதான் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கே. காண்ட்ராக்டை யாரும் நீட்டலையாம், நீயே எழுதிக் குடுத்திருக்கே. திரும்ப டைனிங் ஹாலுக்கு மாத்தின பிறகுதான் ஊருக்கு வருவேன், அப்பா மூஞ்சியில முழிக்கணும்லன்னு சொன்னியாம்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவை ஏன்டி மறைச்சேன்னு கேட்டேன். நீங்க கேக்கற கேள்விக்குப் பயந்துதான்னா.

அப்போலேர்ந்து யோசிச்சிக்கினு இருக்கேன். பாண்டி ஓட்டல்ல முதலாளியோட சண்டை போட்டுக்கினு நீ முதல் வேலையை விட்டுட்டு வந்தப்போ, ஒருத்தன் பேச்சைத் தாங்காதவன் எங்கயும் நிலைக்க மாட்டான்னு ஒரு மாசம் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். சாப்பாட்டுல உக்காந்தாலும் அதே பேச்சு. பஸ்ல ஏறினவனையெல்லாம் திருடனா பார்த்துப் பார்த்து, அதே கண்ணோட வீட்டுக்கு வந்து உன்னையும் பார்த்துட்டேன் போலருக்கு. நீ கடலுக்குப் பயப்படலை, தண்ணிக்குக் கீழ அஞ்சு மாசம் இருக்கறதுக்குப் பயப்படலை. என் வாய்க்குப் பயந்திருக்கே. அது எனக்குத் தாங்கலைடா பூவரசா.

மேல எழுதின ரெண்டு நாள் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடலாமான்னு பார்த்தேன். கிழிக்கலை. உன் அப்பன் புத்தி எப்படி ஓடுச்சுன்னு நீ தெரிஞ்சிக்கணும், அதான் அப்படியே அனுப்பறேன். உன்மேல சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்பு கேக்கறேன். இதை நேர்ல சொல்ல எனக்கு வாய் வராது, எழுதறதால சொல்றேன்.

ஜகபருக்கு மறுபடியும் போன் போட்டேன். இந்தத் தடவை அவன் குழம்பு எடுக்கப் போக முடியலை. நீட்டிக் குடுத்ததை இந்த மாசக் கடைசிக்குள்ள வேணாம்னு எழுதிக் குடுத்தா திரும்ப எடுத்துப்பாங்களாம். கப்பல் இருபத்தாறாம் தேதி பார்சிலோனா வருது, இந்தக் கடுதாசி அன்னைக்கே உன் கைக்கு வந்துடும். நாலு நாள் இருக்கு.

சித்திரை முடியறதுக்குள்ள வளைகாப்பு போட்டு சங்கவியை வளவனூருக்கு அழைச்சிக்கினு போறாங்க. அவ எதையும் கேக்கற பொண்ணு இல்லை, உனக்கே தெரியும். ஆனா ஸ்கேன் ரூம்ல குழந்தையோட நெஞ்சுத் துடிப்பு கேட்டப்போ, போன்ல பதிஞ்சு குடுங்க மாமா, அவருக்கு அனுப்பணும்னா. எனக்குப் பதியத் தெரியலை. ஆஸ்பத்திரியில இன்னைக்கு ஒரு ஃபாரம் குடுத்தாங்க. பிரசவத்தன்னைக்குக் கூட இருக்கப் போறவர் பேரு, உறவு முறைன்னு ஒரு கட்டம். நர்சம்மா உங்க பேரைப் போட்டுடவான்னு கேட்டாங்க. நான் பேனாவை வாங்கி, சீ. பூவரசன், கணவர்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

அந்தப் பேரை அடிச்சிட்டு என் பேரை எழுத வெச்சிடாதே. வந்துடுப்பா. எந்த வேலையில இருந்து வந்தாலும் சரி, நான் ஒரு கேள்வி கேக்க மாட்டேன்.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கற
உன் அப்பா,
சீனுவாசன்