ரெண்டுங்கெட்டான் டயர்

லோக்வே, ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்பு மகள் யஸ்னாவுக்கு அம்மா எழுதுவது. என் முழங்கால் வலியைத் தவிர இங்கே நானும் அப்பாவும் சுகம். ஸ்ப்ளிட்டின் கடற்காற்றில் நீயும் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

டயர் விஷயமாக நீயும் அப்பாவும் போனில் கத்திக்கொண்டதிலிருந்து வீட்டில் சூப்பு கூட ருசிக்கவில்லை. வருஷம் முழுக்க ஒரே டயர் போட்டுக்கொள்கிறேன் என்று நீ சொன்னதும், “வெயிலுக்கும் ஆகாது, பனிக்கும் ஆகாது, அது ரெண்டுங்கெட்டான்” என்று போனை வைத்தாரே, அதற்குப் பிறகு நடந்ததை அவராகச் சொல்லமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

ஈஸ்டர் முடிந்து வெயில் வந்ததும் அப்பா குளிர்கால டயர்களைக் கழற்றிவிட்டுக் கோடை டயரை மாட்டினார். மறுவாரமே பனி கொட்டியது. அன்று காலை பக்கத்து வீட்டு பிளாஷ் மாமாவுக்கு நெஞ்சுவலி, முகமெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, டெல்னிட்ஸே டவுன் வரை கொண்டுவந்தால் அங்கே வந்து ஏற்றிக்கொள்கிறோம் என்று போனில் சொன்னார்கள். அவர் மகள் வில்மா ரியேகாவிலிருந்து வந்திருந்தாள், அவளுடைய சின்னக் காரில் நீ கேட்கும் அதே டயர்தான். அவள் கதவைத் திறக்க, அப்பா, “உன் ரப்பர நம்பி இவன ஏத்த முடியாது, நீ பொறக்குறதுக்கு முன்னாடியே இந்த ரோட்டுல ஓட்டுனவன் நான், என் வண்டியில ஏத்து” என்று அதட்டினார். நான் பின்சீட்டில் பிளாஷ் தலையை மடியில் தாங்கிக்கொண்டேன். சர்ச் இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதுதான் தாமதம், வண்டி பக்கவாட்டில் திரும்பி வழுக்கிக்கொண்டே போய் பிளம் மரங்களுக்குள் புதைந்தது. அடி யாருக்கும் இல்லை, ஆனால் பிளாஷ் முனகுவதும் நின்றுவிட்டது. தன் காரில் பின்னால் வந்த வில்மா குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லையடி. “மாமா, தோள நீங்க பிடிங்க, கால நான் பிடிக்கிறேன்” என்று அப்பாவிடம் சொன்னாள், அவ்வளவுதான். ரெண்டாம் கியரில், முட்டைக்கூடை கொண்டுபோகிற மாதிரி ஓட்டி ஆம்புலன்ஸில் கொண்டுசேர்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார் உன் அப்பா. பிளாஷ் பிழைத்துவிட்டார், இப்போதே பன்றிக்கறி கேட்டு நர்சுகளோடு சண்டை.

திரும்பி வந்து வில்மா காரின் டயரை அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்தார். “நம்மளுதும் நல்ல டயர்தான், இன்னைக்கு நல்லதில்ல” என்றார். நானும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ வாழ்வது கடலோரம், பனியைப் பார்ப்பது எங்களைப் பார்க்க வரும்போது மட்டும், அதனால் அந்த டயரையே வாங்கு. ஆனால் டயரின் பக்கவாட்டில் மலைக்குள் பனிப்பூ போட்ட முத்திரை இருக்கட்டும், பனிக்கும் தாங்கும் என்பதற்கு அதுதான் அடையாளம், நாலும் ஒரே வகையாக இருக்கட்டும், ரோட்டைப் பிடிக்கிற பட்டன் தேய்ந்தால் குளிருக்கு முன்பே மாற்று. கொதிக்கும் கோடையில் பிரேக் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிக்குமாம், முன்வண்டியை ஒட்டிப் போகாதே. ஜனவரியில் ரோடு கண்ணாடியாய் உறைந்திருந்தால் எந்த டயரையும் நம்பாதே, பஸ்ஸில் வா, பஸ்ஸில் வருவது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

வழியெல்லாம் மாதா உனக்குத் துணையிருக்கட்டும். ஒன்றை மறக்காதே, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. போன் செய்து பிளாஷ் மாமா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேள், மீதியை அப்பாவே சொல்லட்டும். மூன்று நாளாகப் பேப்பரை ஒரே பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

உன் அம்மா,
ல்யுபா