அலமாரிக்குள் கேட்ட இருமல்

சிகாகோ,
பிப்ரவரி 1964

அன்புள்ள அம்மா,

கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பாவின் இருமல் குறைந்ததா?

வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. நம் கறுப்புப் பையன்கள் ஏன் பள்ளியை விட்டு நின்று போலீசில் மாட்டுகிறார்கள் என்று பல்கலைக்கழகம் ஆராய்கிறது. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறேன். கையில் தாளைப் பார்த்ததும் என்னை ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் உதவித்தொகை அலுவலகத்து ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் தகப்பன் இருந்தால் தொகையை நிறுத்திவிடுவார்களே!

நேற்று ஒரு வீட்டில் சிரிப்பான கூத்து. அந்த வீட்டுப் பையன் லூதருக்குப் பதினைந்து வயது.

"அப்பா வீட்ல இருக்காரா தம்பி?" என்று கேட்டேன்.

"அப்பாவெல்லாம் கிடையாது மேடம்."

துணி அலமாரிக்குள் யாரோ இருமினார்கள். அவன் அம்மா சட்டென்று ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். தாள் யார் கைக்குப் போகுமோ என்று நானும் 'இல்லை' என்றே குறித்தேன்.

கடைசிக் கேள்வி, "பெரியவங்ககிட்ட பொய் சொல்லியிருக்கியா?"

"இப்பத்தானே ஒண்ணு சொன்னேன். எழுதிக்கங்க," என்றான். அவன் சிரிக்கவில்லை.

தகப்பன் இல்லாத வீடுகளில்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று பேராசிரியர் அறிக்கை எழுதுகிறார். அதற்கு ஆதாரமாக இப்படிச் சேர்ந்த நூற்றுப் பன்னிரண்டு 'இல்லை'கள் என் கையெழுத்தில் இருக்கின்றன.

பழைய கம்பளிக் கையுறையை அனுப்புங்கள். அப்பாவை அவர் கையாலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த இருமல் அவருடையது போலவே இருந்தது.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்,
வெர்லீன்