மூலையில் ஒரு கட்டைவிரல்

ஆல்பனி
9 ஏப்ரல் 1866

என் லெமுவேலுக்கு,

பெட்டி வந்தது. நீ படம் பிடித்த கண்ணாடித் தகடுகளில் ஒன்றுகூட உடையவில்லை. குண்டுகள் தின்ற மரங்கள். அவற்றின் அடியில் புதுப் புல். உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருடம் ஆகியும் நம் படக்கடைக்கு வருபவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். மகன் விழுந்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

ஒன்று கேட்கிறேன். படம் பதிவதற்கான மருந்தைத் தகட்டில் ஊற்றும்போது கண்ணாடியைப் பிடிக்கிற மூலையில் கட்டைவிரல் பதியும். உன் விரல் எனக்குத் தெரியும். இந்தத் தகடுகளில் இருப்பது சின்னது. போன வருடம்வரை மருந்து ஊற்றுவது என் வேலை.

யார்?

உன் தபிதா

•

வர்ஜீனியா
20 ஏப்ரல்

அன்புத் தபிதா,

திருமதி கோர்லி. அவள் கணவர் தெற்குப் படையில் இருந்து, இதே காட்டில் விழுந்தவர். நம் இருட்டறை வண்டி அவள் கொட்டகையில்தான் நிற்கிறது. கை நடுங்காமல் ஊற்றுகிறாள். நாக்குதான் கொஞ்சம் கூர்மை. "ஏன் வடக்கத்தியாரே, ஆளுங்களைச் சுட்டுத் தீர்த்தாச்சு, இப்ப மரத்தையும் விட மாட்டீங்களா?" என்றாள் நேற்று. சிரித்துவிட்டேன்.

இந்தப் பெட்டியின் கடைசித் தகட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்பு. விவரம் பிறகு.

உன் லெமுவேல்

•

ஆல்பனி
2 மே

லெமுவேல்,

யார் என்றுதான் கேட்டேன். எப்படிப் பேசுவாள் என்று கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தையாவது யாருக்காவது எழுதியிருக்கிறாயா?

கடைசித் தகடு. அதில் அவள் உன்னைப் பார்த்து நிற்கிறாள். புல்கூட ஆடிக் கலங்கியிருக்கிறது. அவள் அசையவில்லை. ஒருத்தி எப்போது அப்படி நிற்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் உனக்காக நின்றிருக்கிறேன்.

கத்தியை எடுத்துத் தகட்டிலிருந்து அவளைச் சுரண்டினேன். இப்போது அச்சில் அவள் இருந்த இடத்தில் கறுப்பாக ஒன்று, மரத்தின் நிழல்போல. பிரதி இத்துடன். நன்றாகவே வந்திருக்கிறது.

தபிதா

•

வர்ஜீனியா
14 மே

தபிதாவுக்கு,

அவள் காலருகே இருந்த மண்மேடு அவள் கணவர். மழையில் மண் கரைந்து பூட்ஸ் வெளியே வந்திருந்தது. அதில் அவளே தைத்த ஒட்டுத் துண்டை வைத்துக் கண்டுபிடித்தாள். மறுநாள் ஆட்கள் வந்து காட்டிலிருந்த எல்லா எலும்புகளையும் அள்ளி ஒரே குழிக்கு மாற்றினார்கள். அதற்குமுன் அவரோடு ஒரு படம் வேண்டும் என்றாள். எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அவ்வளவுதான். வேலைக்கு ஒரு படம்.

முன்பே எழுதியிருக்கலாம். உனக்கு விளக்கம் தேவைப்படும் என்று தோன்றவில்லை.

பிரதியை மறைக்கப் பார்த்தேன். கேட்டு வாங்கிவிட்டாள். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நான் எங்க?"

சொன்னேன்.

"உங்க வீட்டம்மாவா?" விரலால் அந்தக் கறுப்பைத் தடவினாள். "பரவால்ல. அவரை விட்டுவச்சிருக்காங்களே." பிறகு என்னைப் பார்த்தாள். "எம் புருஷன் பக்கத்துல நிக்கறதுக்கு நான் அவங்ககிட்ட கேட்டிருக்கணுமோ?"



இனிப் பெட்டிகள் வராது. படங்களை அச்சிட ரிச்மண்டில் ஓர் ஆளைப் பார்த்துவிட்டேன்.

லெமுவேல் ஹாஸ்கின்ஸ்