பாடாத ரேடியோ

அப்பா,

போய்ச்சேர்ந்தவருக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் இருந்தபோதே உங்களிடம் வாய் திறந்து எதையும் கேட்காதவள் நான். இப்போது உங்கள் காரின் முன்சீட்டில் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே முழுக்கப் பெட்ரோல் வாடை. மதியம் வந்த மலையாளி மெக்கானிக் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்ததில் பிளக்கெல்லாம் நனைந்துவிட்டது.

"மோளே, பேட்டரி ஓகே. செல்ஃப் நல்லா கறங்குது. பக்ஷே ஸ்பார்க் இல்ல" என்றார். பிளக் மாற்றினார், காயில் மாற்றினார், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டார். "வயரிங் மொத்தம் போயி. பழைய இரும்புக்கு ஆக்ரிக்காரன்ட்ட குடுக்கலாம்."

சித்தப்பா உடனே ஆரம்பித்தார். "ஓடினா நான் எடுத்துக்கிடுதேன்னு சொன்னேன்லா மதினி? ஓடலல்லா. நாளைக்குக் காலைல ஆக்ரிக்காரன் வருவான், கேட்டோ."

 அவர் போன பிறகு அம்மா என்னிடம் சொன்னாள்: "தம்பானூர் ஸ்டாண்டுல நின்னுபோன டாக்ஸியெல்லாம் சரியாக்கிக் குடுத்த மனுசன், சொந்த வண்டிய இப்படியா பாழாக்கி வச்சிட்டுப் போவாரு?"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சித்தப்பா கேட்காமலே வண்டியை எடுத்துப்போய், ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து நிறுத்திய வாரம் நினைவிருக்கிறதா? சாலைக் கடைத்தெருவில் ஒரு சுவிட்சும் கொஞ்சம் வயரும் வாங்கிவந்தீர்கள். என்றோ செத்துப்போன ரேடியோவின் குமிழுக்குப் பின்னால் சுவிட்சை வைத்தீர்கள். உங்கள் கை நுழையவில்லை. நான்தான் கையை விட்டு நட்டை முறுக்கினேன். இடப்பக்கம் திருகினால் ஸ்பார்க் வராது. வலப்பக்கம் திருகினால்தான் எஞ்சின் பிடிக்கும்.

"மக்களே, ஒருத்தர்ட்டயும் சொல்லப்பிடாது. அம்மைட்டயும்தான். அவளுக்கு வாயில ஒண்ணும் நிக்காது" என்று சிரித்தீர்கள். கிரீஸ் அப்பிய கையாலேயே சத்தியம் செய்தேன்.

பிறகு கிளம்பும்போதெல்லாம் ரேடியோவைத் திருகுவீர்கள். "பாடாத பெட்டிய எதுக்குத் திருகுதிய?" என்பாள் அம்மா. "என்னைக்காவது பாடும்லா" என்பீர்கள். நான் பின்சீட்டில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நம் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. நீங்கள் பிடிவாதம் பிடித்ததால் லைசென்ஸும் எடுத்தேன். ஆனால் மதியம் அத்தனை பேர் முன்னால் எனக்கு ஒரு சொல் வரவில்லை. சொன்னால் வண்டி சித்தப்பாவுக்கு, சொல்லாவிட்டால் ஆக்ரிக்கு. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இடிக்கிறது.

சற்றுமுன் வலப்பக்கம் திருகிச் சாவியைப் போட்டேன். நான்காவது தடவை இருமிக்கொண்டு பிடித்துவிட்டது. பயந்துபோய் உடனே அணைத்தேன்.

அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். "ஏட்டி, நம்ம வண்டிச் சத்தம்லா அது?"

"இல்லம்மா. ரோட்டுல போற வண்டி."

அவள் உள்ளே போகவில்லை. இன்னும் வாசலில்தான் நிற்கிறாள், காரைப் பார்த்துக்கொண்டு.

அப்பா, அவளுக்கு வாயில் ஒன்றும் நிற்காதுதான். ஆனால் சித்தப்பாவிடம் பேச அந்த வாய்தான் வேண்டும். ஓட்டுவதற்கு நான் இருக்கிறேன். சத்தியத்திலிருந்து என்னை விட்டுவிடுங்கள். அவளிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.