பவா அக்காவின் ஸ்கான் அறிக்கை

என் பிரியமான பவா அக்கா,

உனக்கு ஒரு புதினம் சொல்லவேண்டும். போன மாதம் பெரியத்தான் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். உன் கணவரின் தமையன்தான். உன் செத்தவீட்டுக்குப் பிறகு இரண்டு வருடமாக நான் முகம் கொடுத்துக் கதைக்காத அதே மனிதர். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

"வத்சலா, நெஞ்சு ஸ்கான் எடுக்கிற அந்த டொக்ரர் அம்மா இன்னும் நெல்லியடியிலை பாக்கிறாவோ?"

மார்பு என்ற சொல் அவர் வாயில் இன்றைக்கும் வராது. நெஞ்சாம்.

"ஆருக்கு?" என்றேன்.

"எங்கடை வினோவுக்கு. குளிக்கேக்கை ஏதோ கட்டி மாதிரித் தட்டுப்பட்டதாம். பிள்ளை பயப்பிடுது."

வினோதா அவருடைய ஒரே மகள். சித்தி, சித்தி என்று உன் பின்னால் திரிந்த பிள்ளை. அவளுக்காக நானும் பயந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அக்கா. உன்னிடம் அதை ஏன் ஒளிக்க?

இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் இருந்து உனக்கு மட்டும் கேட்கும்படி வாசித்திருக்கலாம். மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுத்த நினைவுப் புத்தகம் பெரியத்தானின் கைவண்ணம். அவருடைய பாட்டன், பூட்டன், அவர்கள் கோயிலுக்குச் செய்த திருப்பணி எல்லாம் நான்கு பக்கம். உன் நோய்க்கு இரண்டு சொல்: "சிறிதுகால சுகவீனம்." இருபது மாதம் நீ பட்டதை அந்த மனிதர் காய்ச்சலும் தடிமனும் ஆக்கிவிட்டார்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பிழை இருந்தால் நீதான் திருத்தவேண்டும்.

உன் துளசிக்கு அப்போது எட்டு மாதம். நீ பால் கொடுத்துக்கொண்டிருந்தாய். இடது மார்பில் ஒரு கட்டி. பால் கட்டியிருக்கிறது, சுடுதண்ணி ஒத்தடம் கொடு என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று கிழமை கொடுத்தாய். கட்டி அசையவில்லை. பிள்ளையை நிறுக்க வந்த குடும்ப நல மாதுதான் தொட்டுப் பார்த்துவிட்டு, சும்மா இருக்காதே, ஸ்கான் எடு என்றாள். கொடிகாமத்திலிருந்து நெல்லியடிக்கு ஓட்டோவில் போனோம். வழி முழுக்க நீ துளசிக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாய். என்ன பாட்டென்று எனக்கு நினைவில்லை. அன்று நான் கவனிக்கவில்லை.

டொக்ரர் அம்மா குளிர்ந்த ஜெல்லைப் பூசி, கையளவு கருவியால் மெல்ல மெல்லத் தடவிப் பார்த்தா. "பால் குடுக்கிற நேரத்திலை இது செய்யலாமோ?" என்று நீ கேட்டாய்.

"பயப்பிடாதேங்கோ, பிள்ளை. இது சத்த அலை. கதிர் இல்லை. உங்களுக்கும் பிள்ளைக்கும் ஒண்டும் செய்யாது."

பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினா. பாலோ நீரோ தேங்கி நின்றால் கறுப்பாக, ஓரம் வழுவழுப்பாகத் தெரியுமாம். உன்னுடையது அப்படி இல்லை. ஓரமெல்லாம் கிழிந்த கடதாசி மாதிரி இருந்தது. அகலத்தைவிட உயரம் கூட. அதற்குப் பின்னால் இருட்டு விழுந்திருந்தது.

"எனக்கு இது பிடிக்கேல்லை," என்றா. "ஸ்கான் சந்தேகத்தைத்தான் சொல்லும். ஊசியாலை சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிச்சால்தான் என்னெண்டு முடிவாத் தெரியும். இந்தக் கிழமைக்குள்ளை செய்வம். பிந்த வேண்டாம்."

அதையே அறிக்கையிலும் எழுதித் தந்தா. நீ ஓம் என்றாய். நானும் ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து அத்தானிடம் கொடுத்தோம். அத்தான் என்ன செய்தார்? வாசித்துவிட்டுத் தமையனிடம் கொண்டுபோனார். நாற்பது வயது மனிதர், பெண்சாதியின் உயிருக்குத் தமையனிடம் அனுமதி கேட்கப் போனார்.

பெரியத்தான் தபால்கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையில் வருகிற மருத்துவப் பக்கம் ஒன்றும் விடமாட்டார். அறிக்கையை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தரம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தாலும் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பார்.

"ஸ்கான் எண்டது வெறும் நிழல். நிழலைப் பாத்து ஆரும் வைத்தியம் செய்வினமே? ஊசி குத்தினால்தான் உது கிளம்பிப் பரவும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி உப்பிடித்தான் போனவ."

"ஊசி குத்தினால் பரவாது எண்டு டொக்ரர் சொன்னவ," என்றாய் நீ. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற குரலில்தான் சொன்னாய்.

அவர் உன்னைப் பார்க்கவில்லை. உன் கணவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "வீட்டிலை குமர்ப்பிள்ளை இருக்கு, தம்பி. எங்கடை குடும்பத்திலை உந்த வருத்தம் எண்டு கதை வெளிக்கிட்டால் வினோவை ஆர் கட்டுவான்?"

நிழலும் ஊசியும் வெறும் சாட்டு. இதுதான் காரணம். அது அங்கே இருந்த எல்லோருக்கும் விளங்கியது. அத்தான் அறிக்கையை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். நான் என்ன செய்தேன்? தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். அவரைப் பற்றி இவ்வளவு எழுதுகிற எனக்கு, அன்றைக்கு வாய் இருக்கவில்லை. மூத்தவர் கதைக்கிறார் என்று பேசாமல் இருந்தேன். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஏழு மாதம் எண்ணெய் பூசினாய். பெரியத்தான் எங்கோ போய்ப் போத்தலில் கொண்டுவந்து தந்த பச்சை எண்ணெய். கட்டி கரைகிறது என்று கிழமைக்கு ஒருக்கால் வந்து சொல்லிவிட்டுப் போவார். பார்க்காமலே சொல்வார். கடைசியில் தோல் உள்வாங்கி, கக்கத்திலும் கட்டி வந்தபிறகு, நீ ஒருவரையும் கேட்காமல் துளசியை என்னிடம் தந்துவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாய். அங்கே புற்றுநோய் பரவிவிட்டது என்று கண்ட சத்திரசிகிச்சை டொக்ரர் அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம், "இவ்வளவு நாளும் இது ஆரிட்டை இருந்தது?" நீ சொல்லவில்லை. குடும்பத்தைக் காட்டிக்கொடுக்க உனக்கு மனம் வரவில்லை. எனக்கு வருகிறது, அக்கா.

போன மாதம் வந்து நின்ற பெரியத்தானைத் திருப்பி அனுப்பலாமா என்று படலையடியில் ஒரு நிமிடம் யோசித்தேன். "ஸ்கான் நிழல்தானே, எண்ணெய் பூசுங்கோ" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வினோ ஓட்டோவுக்குள் இருந்தாள். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, கண் துடைத்த கைலேஞ்சியைப் பிழிந்துகொண்டு இருந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் ஏறினேன். அவர் முன்னால் ஓட்டுநரோடு நெருக்கி இருந்துகொண்டு வந்தார்.

டொக்ரர் அம்மா என்னை மறக்கவில்லை. வினோவைப் பார்க்க முன்னமே என்னிடம் கேட்டா, "அக்கா எப்பிடி இருக்கிறா? பிறகு நீங்கள் வரேல்லையே."

"அக்கா இல்லை, டொக்ரர். ஊசி குத்த விடேல்லை."

"ஆர் விடேல்லை?"

நான் திரும்பிப் பெரியத்தானைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய கலண்டரில் இராகுகாலம் பார்த்துக்கொண்டு நின்றார். டொக்ரர் அம்மாவுக்கு அதற்குமேல் சொல்லத் தேவைப்படவில்லை. "நீங்கள் வெளியிலை இருங்கோ, ஐயா," என்றா.

வினோவின் கட்டி முட்டை வடிவாக, ஓரம் ஒழுங்காக, படுத்திருக்கிற மாதிரித் தெரிந்தது. "இது பெரும்பாலும் பயப்பிடத் தேவையில்லாத சதைக்கட்டி. எண்டாலும் ஒருக்கால் ஊசியாலை எடுத்துப் பாத்தால் நிம்மதி," என்றா. நான் வெளியே வந்து அதைச் சொன்னேன். அக்கா, அந்த மனிதர் என்ன கேட்டார் தெரியுமா?

"ஊசி இண்டைக்கே குத்தேலாதோ? ஏன் பிந்துவான்?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஒரு ஆள் இருக்கவேண்டும். அங்கே ஒரு வெள்ளை வேட்டி மட்டும்தான் இருந்தது.

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆறு மாதத்தில் திரும்ப ஒரு ஸ்கான் எடுத்துப் பார்த்தால் போதும். பெரியத்தான் உடனே பிள்ளையார் கோயிலில் பொங்கலுக்கு ஒழுங்கு செய்தார். என்னையும் வரச் சொல்ல வந்தார்.

"கடவுள் காப்பாத்திப்போட்டார், வத்சலா."

"ஓம். அக்காவின்ரை காலத்திலை அவருக்கு நெல்லியடிக்கு வழி தெரியேல்லைப் போலை," என்றேன்.

"அது அவவின்ரை விதி," என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு.

பொங்கலுக்கு நான் போகவில்லை. வினோவும் போகவில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அன்ரி, சித்திக்கு என்ன நடந்தது எண்டு முழுக்கச் சொல்லுங்கோ," என்றாள். சொன்னேன். குமர்ப்பிள்ளை என்ற இடம் வந்ததும் நிறுத்தப் பார்த்தேன். அவள் விடவில்லை. அதையும் கேட்டாள். பிறகு கைபேசியை எடுத்தாள். அவளுக்கு இப்போது அளவெட்டியில் ஒரு சம்பந்தம் கதைத்து, சாதகமும் பொருந்தி, நாள் பார்க்கிற அளவில் நிற்கிறது. ஸ்கான் எடுத்ததையும் ஊசி குத்தினதையும் அவர்கள் காதில் விழவிடக்கூடாது என்று தகப்பன் கட்டளை போட்டிருந்தாராம். அவள் மாப்பிள்ளையின் தாய்க்கே நேரே எடுத்தாள். கட்டி, ஸ்கான், ஊசி, முடிவு, உன்னுடைய நோய், எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். மார்பு என்றே சொன்னாள்.

மறுபக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"உதுக்கு ஏன் பிள்ளை அழுறாய்? நானும் ரண்டுதரம் ஸ்கான் எடுத்தனான். ஊசியும் குத்தினவை. அடுத்தமுறை போகேக்கை சொல்லு, துணைக்கு நானும் வாறன்."

இவ்வளவுதான் அக்கா. இந்த ஊர் சொல்லப்போகிற பதிலுக்குப் பயந்துதான் அவர் உன்னை எண்ணெய்ப் போத்தலோடு இருத்தி வைத்தார். ஊரை அவர் ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை.

துளசி முன்பள்ளிக்குப் போகிறாள். எண் எழுதும்போது உன்னைப்போலவே நாக்கை வெளியே நீட்டுகிறாள். அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று அவள் கேட்கிற நாளில், மார்புப் புற்றுநோய் என்று நான் சொல்லுவேன். ஆர் என்ன செய்தது, ஆர் என்ன செய்யாமல் விட்டது என்றும் சொல்லுவேன். குசினிக்குள் போன என்னையும் அதில் சேர்த்துத்தான் சொல்லுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் கூடப்பிறந்த
தங்கச்சி வத்சலா