பின் அறைக்கு எட்டாத வைஃபை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஒரு மாடிப்படி வரைபடத்தை முடித்து அனுப்பினேன். மதியம் சாப்பிட அக்கா ஹாலுக்கு வந்ததும் என் போன் டிங் டிங் என்று அலறியது. பின் அறையில் போன் டவர் கிடையாது, வைஃபையும் எடுப்பதில்லை. காலையிலிருந்து அவள் தட்டியதெல்லாம் ஹாலுக்கு வந்ததும் மொத்தமாக இறங்கியது. "பால் பொங்குது பாரு." "பொங்கிடுச்சு, தீஞ்ச வாடை இங்க வரைக்கும் வருது." "செவிடாடா நீ?" அடுப்பை நான் எப்போதோ துடைத்தாயிற்று.

தொண்டை ஆபரேஷனோடு அவள் குரல் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் என்னோடு வந்து இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள், மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவனை இந்தக் கோடியிலிருந்தே உட்கார வைத்துவிடுவாள். இப்போது பேச்செல்லாம் போனில் தட்டித்தான். பேச்சு குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்ல முடியாது.

மார்ச் 5, வியாழன்

அழைப்பு மணி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மணி அடிச்சா ஆள் வர இது என்ன ஆஸ்பத்திரியா? நான் பேசணும்டா. ஆளக் கூப்பிட மட்டுமா வாய் இருக்கு?" என்று தட்டிக் காட்டினாள். சரி, தாயே.

மார்ச் 7, சனி

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள்.

கையில் போன் இருந்திருக்கிறது. தட்டியிருக்கிறாள். போகவில்லை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹாலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டுபோனபோதுதான் பார்த்தேன் – ஈரத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. கைத்தாங்கலாக ஹாலுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்ததும் என் போன் டிங் என்றது. "விழுந்துட்டேன் வா."

எலும்புக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டில் வீக்கம்தான் என்றார் டாக்டர்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா மகள் வந்தாள். "குறை சொல்றேன்னு நினைக்காதீங்க மாமா" என்று ஆரம்பித்துக் குறைதான் சொன்னாள். அறையை மாற்றலாம் என்றால், கீழே குளியலறையோடு ஒட்டிய அறை அது ஒன்றுதான். என் அறை மாடியில். அக்காவின் முட்டி படி ஏறாது.

"இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள அம்மா கூப்பிட்டா உடனே உங்களுக்குத் தெரியற மாதிரி ஏதாவது பண்ணுங்க. இல்லன்னா என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள். நியாயம்தான். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கென்ன, அவள் போனால் வீடு அமைதியாக இருக்கும்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். சுத்தப் பொய். அவள் போகக் கூடாது.

மார்ச் 9, திங்கள்

நெட்காரர் வந்தார். "பெரிய பிளானுக்கு மாறிடுங்க சார், பிச்சுக்கிட்டுப் போகும்." மாறினேன். ஹாலில் பிச்சுக்கொண்டுதான் போகிறது. பின் அறையில் ஒரு மண்ணும் இல்லை.

மார்ச் 11, புதன்

வீட்டின் தரை வரைபடம் வரைந்தேன். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வரைந்து கொடுக்கிறேன், சொந்த வீட்டுக்கு இதுதான் முதல் தடவை. போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக நடந்து, எங்கே சிக்னல் எவ்வளவு என்று பென்சிலால் குறித்தேன். ஹாலில் முழுசு. சமையலறையில் பாதி. பின் அறை வாசலில் ஒரே ஒரு கோடு. கட்டிலில் சுத்தமாக இல்லை. அக்கா என் பின்னாலேயே வந்தாள். "பேய் ஓட்டறியா?"

வரைந்து பார்த்தால் குற்றவாளிகள் தெரிகிறார்கள். ரவுட்டர் ஹால் மூலையில், டிவிக்குப் பின்னால், தரையோரம் கிடக்கிறது. தூசி படாமலிருக்க அதன் மேல் ஒரு பழைய துண்டு – அக்காவின் கைங்கரியம். நேர் அந்தப் பக்கம், பின் அறைச் சுவரை அடைத்துக்கொண்டு அவளுடைய இரும்பு பீரோ.

மார்ச் 12, வியாழன்

துண்டை எடுத்துவிட்டு ரவுட்டரை ஹாலின் நடுச்சுவரில் உயரமாக மாட்டினேன். "தூசி படியும்." படியட்டும். அறை வாசலில் சிக்னல் கூடியது. கட்டிலில் வருகிறது, போகிறது.

மார்ச் 14, சனி

பீரோவை நகர்த்தச் சம்மதிக்கவே மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டேன். "நீ போன்ல கத்தறது கேக்காம இருக்கத்தான் அங்க வச்சேன்." நான் கத்துகிறேனாம்!

கெஞ்சிக் கூத்தாடி மசிய வைத்தேன். நான் தள்ள, அவள் நல்ல கையால் லெஃப்ட், ரைட் என்று அதிகாரம் பண்ண, எதிர்ச்சுவருக்குப் போய்ச் சேர்ந்தது. பீரோவுக்குப் பின்னால் குடியிருந்த பல்லிகள் ஓடின. என் இடுப்பு போயிற்று.

மார்ச் 16, திங்கள்

ரிப்பீட்டர் வாங்கினேன். வருகிற சிக்னலைப் பிடித்து அடுத்த பக்கம் தள்ளிவிடும் சின்னப் பெட்டி. கெட்டிக்காரத்தனமாக அதைப் பின் அறையிலேயே மாட்டினேன். சிக்னல் சரியாக வராத இடத்தில் அது எதைப் பிடித்து எதைத் தள்ளும்? அரை நாள் மல்லுக்கட்டிய பிறகு புத்தி வந்து, பாதி வழியில், சமையலறை வாசலில் மாட்டினேன்.

கட்டிலில் முழுசு. குளியலறையில்கூட.

நான் ஹாலுக்கு வந்து நின்றேன். "கேக்குதா?" என்று வந்தது. "கேக்குதுக்கா" என்று தட்டினேன். கண் கலங்கிவிட்டது எனக்கு.

மார்ச் 17, செவ்வாய்

ஓயாமல் டிங். "ஃபேன் கரகரங்குது." "எதிர் வீட்டுக்காரி முடி வெட்டியிருக்கா, சகிக்கல." "என்ன பண்றே?" வேலை என்றேன். "பெரிய வேலை."

மார்ச் 21, சனி

எழுந்து போகிற வேலையே இல்லை. மாத்திரை போட்டாயா – போட்டாச்சு. காபி சமையலறை மேடையில் – எடுத்துக்கிட்டேன். தள்ளிப் போட்ட வரைபடமெல்லாம் முடிந்தது. நல்ல ஏற்பாடு. முன்பே செய்திருக்கலாம்.

மார்ச் 25, புதன்

சிக்னல் முழுசு. குறை ஒன்றுமில்லை.

மார்ச் 28, சனி

காலையிலிருந்து அக்காவிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. நாளைக்கு அவள் மகள் வருகிறாள், இன்றைக்குப் பார்த்தா மக்கர் பண்ண வேண்டும்? ரவுட்டரில் பச்சை விளக்கு. ரிப்பீட்டரிலும் பச்சை. இரண்டையும் அணைத்துப் போட்டேன். நெட்காரரைக் கூப்பிட்டேன். "லைன் நல்லாத்தானே இருக்கு சார்" என்றார்.

லைன் நல்லாயிருக்கு. அப்போ அவ?

அட மடையா, முதல்ல போய்ப் பாக்க வேண்டாமா! ஓடினேன்.

கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் திறந்த பெட்டி. போனை அணைத்து வைத்திருந்தாள். "ஏன்க்கா ஆஃப் பண்ணே? என்னமோ ஏதோன்னு உயிரே போயிடுச்சு எனக்கு" என்று கத்தினேன். நிதானமாகப் போனை உயிர்ப்பித்து, தட்டி, எனக்கு அனுப்பாமல் திரையை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"முன்னெல்லாம் அடிக்கடி எட்டிப் பாப்பே. சிக்னல் வந்ததுலேர்ந்து இந்த ரூம்ல உன் காலடி படல. போன்லதான் பேசணும்னா அவ வீட்ல இருந்தும் பேசலாம்."

பதில் சொல்லியிருக்க வேண்டும். ஹாலுக்கு வந்துவிட்டேன். வந்திருக்கக் கூடாது.

மார்ச் 29, ஞாயிறு

அக்கா மகள் குளியலறைக்குள் நின்றுகொண்டு எனக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தாள். உடனே வந்தது. "அசத்திட்டீங்க மாமா" என்றாள். அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தாள். "என்னம்மா இது? எல்லாம்தான் சரியாயிடுச்சே."

அக்கா தட்டினாள். மகள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போகாதேக்கா" என்றேன். "ஏன்?" என்று திரையில் ஒரே சொல்.

"நீ இல்லன்னா எனக்குத் திட்டுறதுக்குக்கூட ஆள் இல்ல." அவள் மகளுக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்: "நீ இருக்கணும்."

பெட்டியை மூடவுமில்லை, பிரிக்கவுமில்லை. "அம்மா யோசிக்கட்டும், அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு மகள் மட்டும் கிளம்பினாள்.

மார்ச் 30, திங்கள்

வரைபட மேசையைப் பின் அறைக்கு இழுத்துப் போனேன். கதவில் இடித்து ஒரு கால் விரிசல் விட்டது. ஜன்னலோரம் போட்டேன். ஹாலைவிட இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் அக்கா பெட்டியைக் காலி செய்தாள். தூக்கி பீரோ மேல் வைத்தேன்.

மதியம் வேலையில் மூழ்கியிருந்தபோது முதுகில் ஒரு தலையணை வந்து விழுந்தது. திரும்பினேன். அவள் போனைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்து, சத்தமில்லாமல், வாயை மட்டும் அசைத்தாள். புரியவில்லை. இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்தி அசைத்தாள்.

காலை ஆட்டாதே.

நிறுத்தினேன்.