வெடிக்குள் போன ரிப்போர்ட்

வியாழக்கிழமை, ஆவணி கடைசி

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லாமல் வந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது என்று காலையில் என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இதயத்துக்கான ரத்தப் பரிசோதனையில், ட்ரோபோனினோ என்னவோ பேர், அறுபது வந்திருக்கிறது.

"இவரை மாதிரி கிட்னி கெட்டவங்களுக்கு இது எப்பவுமே கொஞ்சம் கூடத்தான் இருக்கும். போன தடவை எவ்வளவுன்னு பார்த்தாத்தான் இப்ப ஏறியிருக்கான்னு தெரியும். பழைய ரிப்போர்ட் எங்கம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"வீட்டுல இருக்கு சார்" என்றேன்.

இல்லை. ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் எடுத்தது, வேறு நகல் கிடையாது. போன வாரம் வீட்டில் வெடிக்குழாய் உருட்டக் காகிதம் போதவில்லை. அலமாரியில் கிடந்த தாள்களையெல்லாம் நான்தான் கிழித்து உருட்டினேன். அந்தக் குழாய்கள் லோடு ஏறி ஏழாயிரம்பண்ணை பட்டாசு ஆலைக்குப் போய்விட்டன. இந்நேரம் வெடிமருந்து அடைத்திருப்பார்கள்.

அவரை ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்துவிட்டார்கள். சாயங்காலம் கிளம்பும்போது அவரிடம் மட்டும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. அதுதான் உறுத்துகிறது.

"நல்லதாப் போச்சு. போன தடவையும் அறுபதுதான்னு சொல்லிரு, வீட்டுக்கு விட்ருவாக. தீபாவளி சீசன் நேரத்துல இங்கன படுத்துக் கெடக்க முடியுமா?" என்றார்.

தலையாட்டிவிட்டேன்.

ரிப்போர்ட் வந்த அன்றைக்கு அந்தத் தாளை அவருக்கு வாசித்துக் காட்டியதே நான்தான். என்ன எண் இருந்தது என்று சாயங்காலத்திலிருந்து யோசிக்கிறேன். எப்படி யோசித்தாலும் இப்போது அறுபது என்றுதான் நினைவுக்கு வருகிறது.